மண்ணைத் தொட்ட கை

(தங்கவயல் பௌர்ணமிக் கூட்டத்தில் நிகழ்த்திய அறவுரை)



சென்ற பௌர்ணமியன்று வந்தனை முடிந்து, பஞ்ச சீலம் ஏற்று, அனைவரும் எழுந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், ஓர் அம்மையார் நம்மிடம் வந்து நின்றார். அவருடைய இசைவு பெற்றே இதனைக் கூறுகின்றோம், பெயரைக் கூறோம். 2021ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் கணவரை இழந்தவர். மருத்துவத்திற்காக வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்து நிற்கின்றது. மகன் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று உழைத்து வந்தான். அந்த வேலையும் அண்மையில் போயிற்று. அம்மையார் நம்மைக் கேட்ட கேள்வி இது:

"ஐயா, முன்பெல்லாம் கஷ்டம் வந்தால் நான் செய்வதற்கு ஏதாவது ஒன்று இருந்தது. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பேன், நேர்ந்துகொள்வேன், குறி கேட்கப் போவேன், தாயத்துக் கட்டிக்கொள்வேன். அதனால் எல்லாம் ஒன்றும் ஆகாது என்று சங்கத்தில் சொன்னீர்கள். யோசித்துப் பார்த்து நானும் விட்டுவிட்டேன். ஆனால் இப்பொழுது நடுராத்திரியில் நெஞ்சு அடைத்துக்கொண்டு எழுந்து உட்காருகிறேன். அப்போது என் கை சும்மா இருக்கிறது, ஐயா. இந்தக் கையை நான் என்ன செய்வது?"

நாம் அவருக்கு அனித்தியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறினோம். தோன்றிய யாவும் மறையும் என்றோம். அம்மையார் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுச் சென்றார். வீடு திரும்பும் வழியில் நமக்கு வெட்கம் உண்டாயிற்று. அவர் கேட்டது தத்துவத்தை அன்று. கைக்கு ஒரு வேலையை. பசித்தவன் சோறு கேட்க, நாம் நெல் விளையும் விதத்தை விளக்கியதுபோல் ஆயிற்று அன்றோ? ஆகவே அன்று கூறத் தவறிய விடையை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கூற விரும்புகின்றோம்.

அன்பர்களே! இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. நம் முன்னோர் பண்டித அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பின்னர் இத்தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. மூடப் பழக்கங்களை விடுமாறு அப்பெரியோர் நமக்கு ஓயாது எடுத்துரைத்தனர். பாபாசாகேப் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருக்கு அளித்த 22 உறுதிமொழிகளிலும் முற்பகுதி பெரும்பாலும் விடவேண்டியவற்றைக் கூறுகின்றது. ஆனால் பிற்பகுதியைக் கருதுங்கள். எண்வகை மார்க்கத்தில் நடப்பேன், பாரமிதைகளைப் பயில்வேன், உயிர்களிடம் கருணை கொள்வேன், அறிவையும் ஒழுக்கத்தையும் கருணையையும் அன்றாட வாழ்வில் கைக்கொள்வேன் என்பன அங்கே உள்ளன. விடுதல் ஒரே நாளில் முடியக்கூடும். கைக்கொள்ளுதலோ நாள்தோறும் நிகழவேண்டிய வேலை. நாம் விட்டதைப் பற்றி மேடைதோறும் பேசினோம். கைக்கொள்ள வேண்டியதை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கத் தவறினோம். அம்மையாரின் கை சும்மா இருந்தமைக்கு நாமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

நம் இல்லங்களில் உள்ள பகவான் புத்தரின் திருவுருவத்தை உற்று நோக்குங்கள். பல உருவங்களில் அவருடைய வலக்கை முழந்தாளின் மேலாக இறங்கி, விரல்கள் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதனைப் பூமிஸ்பரிச முத்திரை என்பர். இதன் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். ஆறாண்டுக் கடுந்தவத்தால் எலும்பும் தோலுமான போதிசத்துவர், அவ்வழி பயனற்றது எனக் கண்டு, சுஜாதை அளித்த பாற்சோற்றை உண்டார், ஆற்றில் நீராடினார், புல்லைப் பரப்பி அரசமரத்தடியில் அமர்ந்தார். அப்பொழுது மாரன் தன் சேனையோடு வந்து, "இவ்விடத்தில் அமர உனக்கு என்ன தகுதி? உனக்குச் சாட்சி யார்?" என வினவினான். அச்சம், ஐயம், ஆசை, சோர்வு ஆகிய நம் உள்ளத்துப் பகைகளே மாரன் என்பதை அறிந்தோர் அறிவர். பகவான் அவனோடு வாதிடவில்லை. கையை நீட்டித் தாம் அமர்ந்திருந்த மண்ணைத் தொட்டார். அவ்வளவே. மாரன் தோற்று ஓடினான்.

இதில் நாம் கற்கவேண்டியது யாது? உலகமே தம்மீது கவிழ்ந்த அவ்விரவில் பகவான் செய்தவை யாவும் சிறு செயல்கள். உண்டார், குளித்தார், அமர்ந்தார், நிலத்தைத் தொட்டார். கைக்கு எட்டும் தொலைவில் எது உண்மையாக இருந்ததோ அதனைத் தொட்டார். தம் மகன் இராகுலனுக்கு உபதேசித்தபோதும் அவர் மண்ணிலிருந்தே தொடங்கினார். மண்ணின்மீது மக்கள் தூயவற்றையும் எறிவர், தூய்மையற்றவற்றையும் எறிவர். அதன் பொருட்டு மண் அருவருப்பதும் இல்லை, கலங்குவதும் இல்லை. அம்மண்ணைப் போன்றதோர் உள்ளத்தைப் பயில்வாயாக என்றார். அதன் பின்னரே மூச்சை நோக்கும் முறையை இராகுலனுக்குப் போதித்தார். முதலில் மண், பிறகு மூச்சு. இவ்வரிசையை நினைவில் வையுங்கள்.

நம் ஊரார்க்கு இதனை விளக்க வேறொரு சான்றும் உண்டு. நம் பாட்டன்மார் மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையின் வெப்பத்திற்கிடையே உழைத்தவர்கள். சுரங்கத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலையைத் தொடங்குமுன் தலைக்கு மேலுள்ள பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்க்கவேண்டும். உறுதியான பாறை கணீரென ஒலிக்கும். உள்ளே பிளந்து நிற்கும் பாறை பொள்ளலாக ஒலிக்கும். அனுபவம் மிகுந்த தொழிலாளியும் நேற்றுத் தட்டினோமே என்று இன்று தட்டாமல் இருப்பதில்லை. அச்சமுள்ள நாளிலும் தட்டுவான், அச்சமில்லாத நாளிலும் தட்டுவான். அச்சிறு பழக்கத்தின்மீது ஒரு குடும்பத்தின் சோறு நின்றது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பின் வந்த மாதங்களை மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். போனது கூலி மட்டுமன்று. எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் ஆகியவற்றை வகுத்துத் தந்த சங்கொலியும் நின்றுபோயிற்று. திடமான ஆண்மக்கள் காலை பத்து மணிக்குத் திண்ணையில் அமர்ந்து தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்ததை நாம் கண்டோம். அக்கைகளில் சில மதுப்புட்டியைப் பற்றின. நாளின் வடிவம் குலைந்தால் மனத்தின் வடிவமும் குலைகின்றது. ஆகையால் பெருந்துன்பக் காலத்தில் நாம் முதலில் காக்கவேண்டியது நாளின் வடிவத்தை. அதனைக் காக்கும் சிறு பழக்கங்கள் சிலவற்றை இப்பொழுது ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, விழித்தெழும் கணம். துன்புற்றவர்க்கு நாளின் மிகக் கொடிய நேரம் இதுவே. கண் திறக்குமுன்பே கவலை வந்து தலைமாட்டில் நிற்கும். அப்பொழுது படுக்கையிலேயே அதனோடு பேசத் தொடங்காதீர்கள். எழுந்து இரு பாதங்களையும் வெறுந்தரையில் ஊன்றுங்கள். தரையின் குளிர்ச்சியை உணருங்கள். குனிந்து வலக்கையால் ஒருமுறை நிலத்தைத் தொடுங்கள். பிறகு திரிசரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்து சீலங்களுள் அன்றைக்கு உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது எதுவோ அதனை ஒருமுறை நினையுங்கள். கடன்காரர் வரும் நாளாயின் பொய் சொல்லாமை; மனம் கசந்த நாளாயின் மதுவைத் தொடாமை. பாறையைத் தட்டிப் பார்க்கும் செயலை ஒத்தது இது. இன்று என் மனம் கணீரென ஒலிக்கின்றதா, பொள்ளலாக ஒலிக்கின்றதா என அறிந்துகொண்டு நாளினுள் இறங்குகின்றோம். பொள்ளலாக ஒலித்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்று எச்சரிக்கையாக நடக்கவேண்டும், அவ்வளவே.

இரண்டாவது, மூச்சு. ஆனாபான ஸ்மிருதி என்று இதனைக் கூறுவர். அமைதியான இடம் கிடைத்தால் நன்று. கிடையாவிடின் இரயிலின் நெரிசலிலும், ஆசுபத்திரி வராந்தாவிலும், அடுப்படியிலும் இது இயலும். உள்ளே வரும் மூச்சை வருகின்றது என அறிக. வெளியே செல்லும் மூச்சைச் செல்கின்றது என அறிக. நீண்டதாயின் நீண்டது என்றும், குறுகியதாயின் குறுகியது என்றும் அறிக. அதனை அடக்கவோ இழுக்கவோ வேண்டுவதில்லை. மனம் நில்லாது ஓடினால் எண்ணுக. காஞ்சி மாநகரில் தங்கியிருந்ததைத் தம் உரைநூலில் குறித்துள்ள புத்தகோச ஆசாரியர், ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் எண்ணவேண்டும் என விதித்தார். ஐந்துக்குள் நிறுத்தினால் மனம் நெருக்கடியில் துடிக்கும். பத்தைக் கடந்தால் எண்ணிக்கையையே பற்றிக்கொண்டு மூச்சை மறக்கும்.

மூச்சு ஏன் துணை செய்கின்றது? துன்பம் பெரும்பாலும் நேற்றிலும் நாளையிலும் வாழ்கின்றது. மூச்சோ இக்கணத்தில் மட்டுமே நிகழ்வது. நேற்றைய மூச்சை எவரும் இன்று விடமுடியாது. அதனோடு ஒரு நிமிடம் இருந்தால், அந்நிமிடம் நாம் இவ்விடத்தில் இருக்கின்றோம். வெளிமூச்சு மெல்ல நீளும்பொழுது இதயத்தின் படபடப்பு தணிகின்றது என இக்கால மருத்துவரும் கூறுகின்றனர். ஆயினும் ஒன்றை மறைக்கமாட்டோம். பெரும் அச்சத்தில் இருப்போர் சிலர்க்குக் கண்ணை மூடி மூச்சை நோக்கினால் அச்சம் மிகும். அத்தகையோர் கண்களைத் திறந்துவைத்துக்கொண்டு பாதங்களையும், அவை ஊன்றிய தரையையும் நோக்குவார்களாக. முதலில் மண், பிறகு மூச்சு என்று முன்பு கூறியதன் பயன் இங்கே விளங்கும்.

மூன்றாவது, கைவேலை. அம்மையாரின் கேள்விக்கு நேரான விடை இங்கே உள்ளது. சாவத்தி நகரத்துப் படாசாரையின் வரலாற்றைக் கேளுங்கள். கணவன் பாம்பு தீண்டி இறந்தான். பச்சிளங் குழந்தையைப் பருந்து கொண்டுபோயிற்று. மூத்த குழந்தையை ஆற்று வெள்ளம் அடித்துச் சென்றது. பெற்றோரிடமாவது போய்ச் சேரலாம் என்று நடந்தாள். இரவுப் புயலில் வீடு இடிந்து தாயும் தந்தையும் உடன்பிறந்தானும் மாண்டனர், அதோ சிதையின் புகை என்று வழிப்போக்கன் காட்டினான். அவள் அறிவு கலங்கிற்று. உடுத்திய ஆடை நழுவியதும் அறியாமல் தெருவில் திரிந்தாள். மக்கள் அவள்மீது மண்ணையும் கல்லையும் எறிந்தனர். அவள் பகவானின் அவைக்கு வந்தபொழுது விலக்க முயன்றவர்களை அவர் தடுத்தார். "சகோதரி, நினைவு பெறுவாயாக" என்றார். ஒருவர் தம் மேலாடையை எறிந்தார். அவள் அதனை உடுத்திக்கொண்டாள். பிறகே அவர் தம்மத்தை எடுத்துரைத்தார்.

அவள் பிக்குணியானாள். ஆனால் அவளுக்கு ஞானம் பிறந்த இடம் எது? ஒரு மாலைப்பொழுதில் அவள் கால் கழுவினாள். ஊற்றிய நீர் சிறிது தூரம் ஓடி மண்ணில் சுவறியது. இரண்டாம் முறை ஊற்றிய நீர் அதனினும் சற்றுத் தூரம் சென்றது. மூன்றாவது இன்னும் சற்றுத் தூரம் சென்று மறைந்தது. உயிர்களும் அவ்வாறே, சில இளமையிலும், சில நடுவயதிலும், சில முதுமையிலும் மறைகின்றன எனக் கண்டாள். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு தன் அறைக்குச் சென்று, ஊசியால் திரியை உள்ளிழுத்தாள், விளக்கு அணைந்தது, அவள் உள்ளமும் விடுதலை எய்தியது. உபாசிகைகளே! கால் கழுவுவதும் விளக்கை அணைப்பதும் நீங்கள் நாள்தோறும் செய்பவை அல்லவா? அவ்வளவு பெரிய துன்பத்தைக் கரையேற்றிய தோணி அவ்வளவு சிறியது. அவள் செய்த செயலில் புதுமை இல்லை. செய்யும்பொழுது அவள் மனம் அச்செயலிலேயே இருந்தது.

சூளபந்தகனின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. நான்கு மாதம் முயன்றும் ஒரு செய்யுளை மனனம் செய்ய இயலாதவன் அவன். உடன்பிறந்த தமையனே அவனைப் போய்விடு என்றான். பகவான் அவனைத் தடுத்தழைத்து ஒரு வெள்ளைத் துணியைக் கையில் கொடுத்து, அழுக்கு நீக்குதல் எனச் சொல்லிக்கொண்டே தேய்க்குமாறு பணித்தார். தேய்க்கத் தேய்க்கத் துணி மாசுபட்டது. அத்துணியில் அவன் தன் மனத்தைக் கண்டான். படிப்பு வரவில்லை, சூத்திரம் பாடமில்லை என்று வருந்தும் நம் முதியோர்க்கு இதனினும் ஆறுதல் வேண்டுமோ?

இது துறவியர்க்கு மட்டும் உரியது என எண்ணற்க. குருநாட்டில் கம்மாசதம்மம் என்னும் ஊரில் பகவான் ஸ்மிருதிப் பிரஸ்தான உபதேசத்தை அருளினார். அந்நாட்டு மக்கள் நீர்த்துறையிலும் நூல் நூற்கும் இடத்திலும் பயனற்ற பேச்சை விட்டு அதனையே பேசினர் என்று உரைநூல் கூறுகின்றது. "அம்மா, நீ எந்த ஸ்மிருதியைப் பயில்கின்றாய்?" என்று கேட்டதற்கு ஒருத்தி "ஒன்றையும் இல்லை" என்றால் மற்றவர் அவளைக் கடிந்து, ஒன்றைக் கற்பிப்பாராம். குடம் தூக்கியவரும் கூலி வேலை செய்தவரும் பயின்ற நெறி இது.

ஆகவே நாளில் ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாசல் பெருக்குவதாகலாம், பாத்திரம் துலக்குவதாகலாம், துணி மடிப்பதாகலாம். நாள்தோறும் அதே நேரத்தில் அதனைச் செய்யுங்கள். துடைப்பத்தின் ஓசையைக் கேளுங்கள். பெருக்கிய இடத்தையும் பெருக்காத இடத்தையும் காணுங்கள். மனம் கடனுக்கு ஓடும். கடிந்துகொள்ளாமல் துடைப்பத்திற்குத் திருப்புங்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை திருப்புங்கள். அத்திருப்புதலே பயிற்சி.

நான்காவது, உணவு. துன்பம் மிகுந்தவர் அடுப்பு மூட்டமாட்டார். எனக்கு மட்டும் எதற்குச் சமையல் என்பர். ஆளவி என்னும் ஊரில் பகவான் ஓர் ஏழை உழவனின் பொருட்டுச் சென்றார். அவனுடைய எருது காணாமற் போயிருந்தது. அதனைத் தேடிப் பிடித்துவிட்டு அவன் பசியோடு வந்து சேர்ந்தபொழுது, பகவான் கூடியிருந்தோரைக் காக்கவைத்து, முதலில் அவனுக்குச் சோறு இடச் செய்தார். அதன் பின்னரே அறம் உரைத்தார். பசியே நோய்களுள் கொடியது என்பது அவர் கண்ட உண்மை. ஆதலின், கஞ்சியேயாயினும் உரிய நேரத்தில் அமர்ந்து உண்ணுங்கள். முதற்கவளத்தை மட்டுமாவது கைப்பேசியைப் பாராமல் மென்று விழுங்குங்கள். உண்ணாமையால் இறந்தோர்க்கு நன்மை ஒன்றும் இல்லை.

ஐந்தாவது, இரவுக் கணக்கு. இராகுலனிடம் பகவான் கண்ணாடி எதற்கு என வினவினார். பார்ப்பதற்கு என்றான் அவன். அவ்வாறே செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் உன் செயலைப் பார்ப்பாயாக என்றார். படுக்குமுன் மூன்று கேள்விகள் போதும். இன்று என்னால் யாருக்கேனும் தீங்கு உண்டாயிற்றா? சிறிதேனும் நன்மை உண்டாயிற்றா? நாளைக்கு ஒத்திவைக்கத்தக்கது எது? ஒத்திவைத்ததை ஒரு தாளில் எழுதித் தலையணைக்கு அப்பால் வையுங்கள். பிறகு உங்களுக்கும், உங்கள் வீட்டார்க்கும், அடுத்த வீட்டார்க்கும், இயன்றால் உங்களைத் துன்புறுத்தினவர்க்கும் நலம் விழைந்து மைத்திரி செலுத்துங்கள். இயலாத இரவில் உங்களுக்கு மட்டும் செலுத்துங்கள், அதனில் குற்றமில்லை.

இவ்வைந்தும் சேர்ந்து நாளில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஐந்தையும் ஒரே நாளில் தொடங்கவேண்டுவதும் இல்லை. ஒன்றைத் தொடங்குங்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடங்குங்கள்.

இனி, மூன்று எச்சரிக்கைகள் கூறவேண்டும்.

ஒன்று: இவற்றைப் புதிய தாயத்தாக்கிவிடாதீர்கள். இத்தனை நாள் மூச்சை எண்ணினேன், கடன் தீரவில்லையே என்று கேட்டால், நாம் பழைய இடத்திற்கே திரும்பிவிட்டோம் என்பது பொருள். பகவான் இரண்டு அம்புகளைப் பற்றிக் கூறினார். முதல் அம்பு உடலில் தைத்த துன்பம். இரண்டாவது, அதன்மேல் நம் மனம் எய்துகொள்ளும் துயரம், வெறுப்பு, ஐயோ என்னும் புலம்பல். முதல் அம்பு அறிஞனையும் தைக்கும், அறிவிலியையும் தைக்கும். இரண்டாவது அம்பைத் தடுப்பதற்கே இப்பழக்கங்கள். நேர்த்திக்கடன் வெளியே ஒன்றைப் பேரம் பேசுகின்றது. பழக்கம் நம்முள்ளே ஒன்றை உறுதியாக்குகின்றது.

இரண்டு: மண்ணைப் போல் இரு என்பதற்கு மிதிபடு என்று பொருள் கொள்ளாதீர்கள். நம்மை மிதித்தவர்களும் பொறுமையையே போதித்தனர். பாபாசாகேப் நம்மை இம்மார்க்கத்திற்கு அழைத்தது அடங்கிக் கிடப்பதற்கன்று, நிமிர்ந்து நிற்பதற்கு. கால் ஊன்றி நிற்பவனே உரிமையைக் கேட்கமுடியும். நள்ளிரவில் நடுங்கிய கையால் மனு எழுதமுடியாது; உறங்கி எழுந்த கையால் எழுதலாம். அம்மையாரின் கடன் பத்திரங்களை எடுத்துக்கொண்டு நம் அன்பர் இருவர் வழக்கறிஞரிடம் சென்றுள்ளனர். வட்டியின் நியாயத்தைச் சட்டப்படி கேட்போம். அதுவும் தம்ம வேலையே.

மூன்று: தனியே கிடந்து இவற்றால் மட்டும் கரையேற முயலாதீர்கள். நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் கூறியபொழுது, அவ்வாறு கூறாதே, அது முழுமையும் என்று பகவான் திருத்தினார். வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவை அவரும் ஆனந்தரும் தம் கைகளால் கழுவிக் கட்டிலில் கிடத்தினர். நோயாளியைப் பேணுமாறு சங்கத்தாரைப் பணித்தார். மனமும் நோயுறும் உறுப்பே. வாரக்கணக்கில் உறக்கமில்லை, வாழ்வதே வேண்டாம் என்னும் எண்ணம் வருகின்றது என்றால், மருத்துவரிடம் செல்லுங்கள்; எங்களில் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். எந்நேரமாயினும் வருவோம். மருந்து உண்பது தம்மத்திற்கு மாறன்று.

நம் சொந்த அனுபவம் ஒன்றையும் கூறி முடிக்கின்றோம். 2021 மே 26 வைகாசிப் பௌர்ணமி. ஊரடங்கினால் நாம் எவரும் ஒன்றுகூட இயலவில்லை. அவ்வாரத்தில் இச்சங்கத்தைச் சேர்ந்தோர் சிலரை நாம் இழந்திருந்தோம். அன்று காலை வந்தனை சொல்ல முற்பட்டபொழுது நமக்கு வாய் எழவில்லை. எத்தனையோ ஆண்டுகளாகப் பிறர்க்குச் சொல்லிக்கொடுத்த வரிகள் தொண்டையில் நின்றுவிட்டன. வேறு ஒன்றும் தோன்றாமல் திருவுருவத்தின் முன்னிருந்த கிண்ணத்தை எடுத்துக் கழுவினோம். புதுநீர் ஊற்றினோம். வைத்தோம். அன்றைக்கு நம்மால் இயன்ற வழிபாடு அவ்வளவே. மறுநாளும் அதனையே செய்தோம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ சரணம் தானே வாயில் வந்தது. துயரம் போய்விடவில்லை, நிற்க ஓர் இடம் கிடைத்தது. இவ்வளவும் தெரிந்திருந்தும் அம்மையார் கேட்டபொழுது அந்தக் கிண்ணம் நம் நினைவுக்கு வராமற் போனதே!

நேற்று மாலை அம்மையாரின் இல்லத்திற்குச் சென்று இவற்றையெல்லாம் கூறினோம். பொறுமையாகக் கேட்டார். "வாசலை நான் தினமும்தான் பெருக்குகிறேன், ஐயா" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனால் பெருக்கும்போது கடன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டேதான் பெருக்குகிறேன். நாளைக்குப் பெருக்க மட்டும் செய்து பார்க்கிறேன்" என்றார். அவர் இப்பொழுது இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றார். இன்று காலை எவ்வாறு இருந்தது என நாம் கேட்கவில்லை. ஒருநாள் பார்த்துக் கூறக்கூடியதன்று அது.

அன்பர்களே! பாய்களைச் சுருட்டுமுன் எல்லோரும் நம்முடன் ஒருமுறை குனிந்து வலக்கையால் இத்தரையைத் தொடுவோமாக. நம் பாட்டன்மார் உழைத்த மண் இதன் அடியில் உள்ளது. நாளைக் காலை உங்கள் இல்லத்தில் பாதம் ஊன்றும்பொழுது இதனை நினையுங்கள்.

துன்புற்றோர் துன்பம் நீங்குக. அஞ்சினோர் அச்சம் நீங்குக. எல்லா உயிர்களும் நலமுறுக.

சாது! சாது! சாது!